சக்கரவாகம் வந்த கதை

பறவை பார்க்கிற பைத்தியம் எனக்குப் பிடித்து ஆறு மாசம்கூட ஆகவில்லை. அதற்குள் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் சக்கரவாகத்தைக் கண்டுபிடித்துவிட்டேன்!

சாதாரண விஷயமா? லடாக், திபெத் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தில் வட இந்திய ஆறுகளுக்கு இறங்குகிற வாத்து அது. நம்ம பக்கம் எப்போதாவது தப்பி வந்தால் உண்டு. ராத்திரியில் ஜோடியைப் பிரிந்து ஏங்கும் என்று கவிஞர்கள் உருகித் தீர்த்தது இதைத்தான்.

ஞாயிறு காலை, இளவெயில். தண்ணீர் ஓரம் ஒரே ஒரு வாத்து. உடம்பு செம்பழுப்பு, தலை கொஞ்சம் வெளிர். புத்தகத்தைப் புரட்டினேன். அச்சு அசல் அதே!

திங்கட்கிழமை ஆபீஸில் சொன்னதும் செக்‌ஷனே கை குலுக்கியது. ஹெட்கிளார்க் தன் செலவில் காராசேவு வரவழைத்தார். அவர் எனக்காகப் பர்ஸைத் திறந்தது அதுதான் முதல் தடவை.

சாயங்காலம், பைனாகுலர் இரவல் தந்த ரிட்டயர்டு பெரியவருக்கு போன் போட்டேன்.

“பறக்கறப்போ பார்த்தீங்களா தம்பி?”

“இல்லை ஸார், உட்கார்ந்தே இருந்தது.”

“அலகு என்ன கலர்? பக்கத்துல வேற வாத்து இருந்ததா?”

பெண் பார்த்துவிட்டு வந்தவனை அத்தை குடைகிற மாதிரி குடைந்தார்.

“சக்கரவாகம் 60 செ.மீட்டருக்கு மேலேயே இருக்கும். கறுப்பு அலகு. இறக்கையை விரிச்சா முன்பக்கம் பளீர்னு வெள்ளை. இங்கேயே இருக்கிற சீழ்க்கைச் சிறகி 40 செ.மீ.தான். அலகு சாம்பல், இறக்கையில வெள்ளை கிடையாது. ஆனா காலை வெயில்ல அதுவும் ஆரஞ்சா ஜொலிக்கும். தனியா நின்னா சைஸும் ஏமாத்தும். உறுதின்னா சொல்லுங்க, இந்த வருஷக் கணக்குல எழுதிடறேன்.”

தூக்கம் போச்சு. பேசாமல் இருந்துவிடலாம், வாத்து வந்தா சாட்சி சொல்லப்போகிறது? ஆனால் மனுஷர் என் வார்த்தையை நம்பி எழுதுவாரே!

அடுத்த ஞாயிறு அதே இடம். இப்போது ஏழெட்டு இருந்தன. ஒரு நாய் குரைக்க, மொத்தமாக எழும்பின. கண் கொட்டாமல் பார்த்தேன். வெள்ளை மருந்துக்குக்கூட இல்லை. போதாக்குறைக்கு எல்லாம் சேர்ந்து சீழ்க்கை வேறு! எனக்காகவே அடித்த மாதிரி இருந்தது.

முதல் வாரம் பார்த்தது இதில் ஒன்றுதானா? சத்தியம் செய்ய முடியாது. சக்கரவாகம் என்றும் செய்ய முடியாதே.

“எழுதாதீங்க ஸார்” என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. “பைனாகுலர் உங்ககிட்டயே இருக்கட்டும் தம்பி” என்றார்.

ஆபீஸில்தான் பிரச்னை. காராசேவுக்குப் பதிலாக செக்‌ஷன் முழுக்க போண்டா வாங்கித் தந்தேன். இருந்தும் ஹெட்கிளார்க் இப்போதெல்லாம் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

“யோவ் சக்கரவாகம், அந்த ஃபைல் எங்கேய்யா?”