தென்னையின் நொதியம்

சவர்க்காரத்தின் நுரைக்குள்ளே உலக அரசியல் ஒன்று உண்டு என்று சொன்னால் நகைப்போர் இருக்கலாம். உச்சமுனையில் அப்படி நகைப்பதற்கு இடமில்லை. கற்பிட்டிக்கு வடக்கே, கடலுக்கும் களப்புக்கும் நடுவே வாழும் எமது மக்களுக்குக் கடல் ஒரு கை, தென்னை மறு கை. புத்தளம் மாவட்டமே குருநாகல், கம்பகா மாவட்டங்களுடன் சேர்ந்து தென்னை முக்கோணம் எனப்படுவது. 1929இல் தோன்றிய தென்னை ஆராய்ச்சி நிறுவனமும் இம்மாவட்டத்து லுணுவிலவிலேதான் இருக்கிறது.

நாம் தமிழ் கற்பிப்பவர். இரசாயனத்தை, உடன் பணிபுரியும் விஞ்ஞான ஆசிரியரிடம் கேட்டே அறிந்தோம். தேங்காயெண்ணெயின் கொழுப்பமிலங்களில் ஏறத்தாழப் பாதி லோரிக் அமிலம். அதன் சங்கிலியில் 12 காபன் அணுக்கள் உள்ளன. சோயா, கனோலா முதலியவற்றின் எண்ணெயிலோ பெரும்பாலும் 18. குறுகிய சங்கிலிதான் நன்றாக நுரைக்கும். ஆதலால் சவர்க்கார ஆலைகள் நெடுங்காலம் வெப்பநாட்டுத் தென்னையையும் செம்பனை விதையையும் நம்பியிருந்தன.

இந்தத் தளையை அறுக்க முனைந்தது கலிபோர்னியாவிலிருந்த கல்ஜீன் என்னும் நிறுவனம். அம்மாநிலத்துப் பே மரத்தின் விதையில் லோரிக் அமிலம் நிரம்ப உண்டு. விதைக்குள்ளே சங்கிலி இரண்டிரண்டு காபனாக நீளும்போது ஒரு நொதியம் அதனைக் கத்தரித்து விடுகிறது. கனோலாவின் நொதியம் பெரும்பாலும் 18இல் கத்தரிக்கும். பே மரத்து நொதியமோ 12இலேயே கத்தரித்துவிடும். அதன் பரம்பரையலகை 1992இல் ஓர் ஆய்வுச் செடியிற் புகுத்தி வெற்றி கண்டனர். பின்னர் கனோலாவிற் புகுத்தினர். 1995இல் லோரிக் கனோலா எண்ணெய் சந்தைக்கு வந்தது. அதே ஆண்டில், அந்நொதியத்தின் மூன்று அமினோ அமிலங்களை மட்டும் மாற்றி, 12க்குப் பதிலாக 14இல் கத்தரிக்கவும் செய்துகாட்டினர். மனித அறிவின் வெற்றியை வெற்றியென்றே சொல்வோம். அதிலே கஞ்சத்தனம் எதற்கு?

ஆயினும் ஒரு தடை நின்றது. கொழுப்பு மூலக்கூறில் மூன்று அமிலங்கள் அமர இடமுண்டு. நடு இடத்தில் லோரிக் அமிலத்தை அமர்த்தக் கனோலாவின் சொந்த நொதியம் இணங்கவில்லை. அவ்வேலையைச் செய்யும் நொதியம் தென்னையில் இருந்தது. தேங்காயின் சதையிலிருந்து அதன் பரம்பரையலகைப் பிரித்தெடுத்துக் கனோலாவிற் சேர்த்தனர். நடு இடமும் நிரம்பியதென 1999இல் எழுதினர். தென்னையை வெல்வதற்குத் தென்னையின் கருவியே வேண்டியிருந்தது! அதற்கு ஆக்கவுரிமை பெற்றதும் அந்நிறுவனமே.

இதனை வகுப்பிற் சொன்னபோது, தேங்காய் பறிக்கும் கூலியாளின் மகள் ஒருத்தி எழுந்து, "அந்தத் தேங்காய்க்கு யார் சேர் காசு குடுத்தது?" என்று கேட்டாள். "கடையில வாங்கியிருப்பாங்க" என்றான் கடைசி வாங்கிலிருந்தவன். வகுப்பே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

அவள் கேட்டது சிறுபிள்ளைக் கேள்வியன்று. 1992இல் ரியோவில் ஒப்பமிடுவதற்குத் திறக்கப்பட்ட உயிர்ப்பல்வகைமைச் சமவாயம், உயிரினச் செல்வத்தால் வரும் பயனில் அதற்குரிய நாட்டுக்கும் பங்குண்டு என்றது. இலங்கை 1994இல் அதனை உறுதிசெய்தது. ஐக்கிய அமெரிக்கா 1993இல் ஒப்பமிட்டதோடு சரி.

லோரிக் கனோலா சந்தையில் நிலைக்கவில்லை. தென்னை பிழைத்தது என்று மகிழ்வோருடன் நாம் சேர மாட்டோம். செம்பனை விதையெண்ணெய் தாராளமாகக் கிடைத்ததேயன்றி, எவரும் எமது கூலியாளை எண்ணிப் பார்த்து விட்டுவிடவில்லை. கல்ஜீனை மொன்சாண்டோ 1997இல் முழுவதுமாக வாங்கிற்று. மொன்சாண்டோவை 2018இல் பேயர் வாங்கிற்று. 2014இல் பிரேசிலில் சர்க்கரையூட்டி வளர்த்த பாசியிலிருந்தும் எண்ணெய் எடுக்கத் தொடங்கினர். கனோலாக் கமக்காரன் விலை சரிந்தால் மறு ஆண்டு கோதுமை விதைப்பான். நெட்டைத் தென்னை காய்க்கவே ஆறேழு ஆண்டு செல்லும். அதன்பின் அறுபது ஆண்டு நிற்கும். அதனடியில் வாழ்பவன் எதை விதைப்பான்?

அந்த மாணவி உயர்தரத்தில் உயிரியல் கற்க விரும்புகிறாள். அதற்கு அவள் ஊரைவிட்டுச் சென்று தங்க வேண்டும். நாம் இருமுறை அவள் வீட்டுக்குச் சென்று பேசினோம். தாய் இணங்கிவிட்டாள், தகப்பனார் இன்னும் பதில் சொல்லவில்லை.