குருத்தின் பகைவன்

மா, புளி முதலிய மரங்கள் ஒரு கிளை ஒடிந்தால் மறுகிளை விட்டுத் தழைக்கும். தென்னைக்கோ உயிர்நிலை ஒன்றே; அஃது உச்சியிலுள்ள குருத்து. குருத்து அழியின் மரமும் அழியும். அவ்வுயிர்நிலையைத் தேடித் துளைக்கும் பகையே காண்டாமிருக வண்டு. கரிய உடலும் தலைமேல் ஒற்றைக் கொம்பும் உடைமையால் அஃது இப்பெயர் பெற்றது.

பகலில் ஒளிந்திருந்து இரவில் பறந்துவரும் இவ்வண்டு, மட்டையின் இடுக்கு வழியே குடைந்து, இளங்குருத்தின் சாற்றைப் பருகும். பின்னர் அக்குருத்து விரியும்போது, கத்தரியால் வெட்டினாற்போல ஓலைகள் தோன்றும். அது கண்டு உழவன் மரமேறிக் கம்பிக் கொக்கியால் வண்டை வெளியே இழுக்கிறான். ஆயின் வண்டு பிறக்கும் இடம் மரத்தின் உச்சியன்று. அவன் வீட்டு எருக்குழியே ஆகும்.

எருக்குழியிலும் மட்கிய தென்னங்கட்டையிலும் பெண்வண்டு முட்டையிடும். இரு வாரங்களுக்குள் வெண்ணிறப் புழு வெளிப்படும். அது மட்கிய பொருளைத் தின்று, ஏறத்தாழ நான்கு திங்கள் வளரும், இருமுறை தோலுரிக்கும். அதன்பின் கூட்டுப்புழுவாகி, மூன்று வாரம் அளவில் வண்டாகும். புழு மரத்தைத் தீண்டுவதில்லை. வண்டான பின்னரே குருத்தை நாடும்.

1909-ஆம் ஆண்டளவில் இலங்கையிலிருந்து ரப்பர் நாற்றுகளுடன் இவ்வண்டு பசிபிக் கடலிலுள்ள சமோவாத் தீவை அடைந்தது. அங்கே அதனை அடக்கும் பகை இன்மையால் அளவின்றிப் பெருகித் தென்னந்தோப்புகளைப் பாழாக்கியது. 1963-இல் ஹூகர் என்னும் ஜெர்மானிய அறிஞர், மலேயா நாட்டு வண்டுப்புழுக்களைக் கொல்லும் நச்சுயிர் ஒன்றைக் கண்டறிந்தார். அது 1967-இல் சமோவாவில் பரப்பப்பட்டது. நோயுற்ற புழு மடிந்தது. நோயுற்ற வண்டோ உடனே மடியாது, தான் சென்ற இடமெல்லாம் நோயைப் பரப்பியது. வண்டின் பெருக்கமும் தணிந்தது.

பச்சைப் பூஞ்சைக் காளான் மற்றொரு பகை. இதன் நுண்வித்துகள் புழுவின் தோலில் ஒட்டி முளைத்து உள்ளே ஊடுருவும். இறந்த புழுவின் உடலை முதலில் வெண்மையும் பின்னர்ப் பசுமையும் போர்க்கும். ஆதலின் இக்காளானை எருக்குழியில் கலத்தல் நன்று.

எனினும், இயற்கை தந்த துணையை நம்பி மனிதன் வாளாவிருத்தல் தகாது. 2007-இல் குவாம் தீவிற் புகுந்த வண்டினம் அந்நச்சுயிருக்கு எளிதில் அடங்கவில்லை. எருக்குழியைக் கிளறிப் புழுக்களைப் பொறுக்குவதும், பட்ட மரத்தைத் தோப்பில் கிடந்து மட்கவிடாது அகற்றுவதும் எக்காலத்தும் பயன்தரும் காவல்கள். உச்சியில் வந்து தாக்கும் பகையைக் காலடியிலேயே தேடுபவன் தன் தென்னையைக் காப்பான்.