எட்டு மணிப் பூக்களின் நாற்றங்கால்

பத்தாங் பெர்ஜுந்தாய்க்கு 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றினார்கள். தோட்டத்து ஆட்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான். நானும் அப்படியே எழுதுகிறேன். செம்பனையின் கதையில் இந்த வட்டாரத்துக்குத் தனி இடம் உண்டு. ஆன்றி ஃபோகோன்னியே என்ற பிரெஞ்சுக்காரர் 1917இல் இங்குள்ள தென்னமரம் தோட்டத்தில் நட்டதுதான் மலேசியாவின் முதல் வணிகச் செம்பனை. அதைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. நான் போனது அந்த மரங்களின் காலடியில், தோட்டப் பாதையோரமாக வரிசை கட்டி நிற்கும் பூச்செடிகளைப் பார்க்க.

வெள்ளை இதழ், அடியில் கருஞ்சிவப்பு வளையம், நடுவில் மஞ்சள். தூரத்திலிருந்து பார்த்தால் கசகசாப் பூவின் தங்கை மாதிரி இருக்கும். தாவரப் பெயர் டர்னெரா சுபுலாட்டா. காலை எட்டு மணி வாக்கில் விரிந்து உச்சிப் பொழுதுக்குள் மூடிக்கொள்வதால் எட்டு மணிப் பூ என்கிறார்கள். கூடவே மஞ்சள் பூக்கும் காசியா கோபானென்சிஸ், இளஞ்சிவப்பில் கொத்துக் கொத்தாய்ப் படரும் கொடி ரோஸ். மூன்றுக்கும் சொந்த ஊர் அமெரிக்கக் கண்டத்து வெப்பநாடுகள். வெளியிலிருந்து வருகிறவர்கள் துரை பங்களாவுக்குப் போகிற வழியை அலங்கரித்திருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். அலங்காரமே இல்லை. மருந்தடிக்கிற செலவையும் அதன் கேட்டையும் குறைக்க நட்ட செடிகள் இவை.

ஸ்டோருக்குப் பின்னால், கறுப்பு வலைப் பந்தலுக்குக் கீழே நாற்றங்கால். ஒரு பக்கம் செம்பனைக் கன்றுகள், சின்னப் பையிலிருந்து பெரிய பைக்கு மாறக் காத்திருக்கின்றன. மறுபக்கம் பூச்செடிகள். காலை ஆளெடுப்பான பெரட்டு முடிந்து பெண்கள் நாலைந்து பேர் மண் சலிக்க உட்கார்ந்திருந்தார்கள். மேல்மண்ணோடு ஆற்று மணல் கலந்து, கட்டி உடைத்து, பாலிபேக்கில் நிரப்ப வேண்டும். அவர்களில் மூத்தவரை எல்லாரும் அக்கா என்றார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன்.

"எட்டு மணிப் பூவுக்கு விதை தேவையில்ல தம்பி. கொப்பு போதும். ஆனா பூத்து நிக்கிற கொப்ப ஒடிக்காதீங்க. அதுக்கு வேர் விட மனசு வராது" என்றபடி ஒரு கிளையை எடுத்துக் கணுவுக்குக் கீழே சாய்வாக வெட்டினார். அடி இலைகளை உருவி, இரண்டு கணு மண்ணுக்குள் போகுமாறு செருகி, சுற்றிலும் விரல் நுனியால் அழுத்தினார். உள்ளங்கை படவே இல்லை. கையை வைத்து அமுக்கினால் மண் இறுகித் தண்ணீர் மேலேயே தேங்கிவிடுமாம்.

காசியா அப்படியில்லை. விதைத்தோல் கெட்டி. சுடுதண்ணீரில் போட்டு இரவெல்லாம் ஊறவைத்துத்தான் முளைக்கப் போடுகிறார்கள். முளைத்ததும் ஆணிவேர் நேரே கீழே இறங்கும். அது பையின் அடியைத் தொட்டுச் சுருள்வதற்குள் பெரிய பைக்கோ நிலத்துக்கோ மாற்றியாக வேண்டும். நாள் தவறினால் செடி சாகாது. ஆனால் சுருண்ட வேர் மண்ணில் ஆழம் போகாமல், முதல் காற்றுமழையில் சாய்ந்துவிடும். கசகசாவின் இனமான குளிர்நாட்டுப் பாப்பிக்கும் இதே குணம் உண்டு. ஆணிவேரைத் தொட்டால் வாடிப்போகும் என்பதால் அங்கே பெரும்பாலும் இருக்கிற இடத்திலேயே விதைக்கிறார்கள், தொட்டியில் வளர்த்தால் வேர்க்கட்டி கலையாமல் மாற்றுகிறார்கள்.

அக்கா மாற்றிய விதத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். முதல் நாள் சாயங்காலமே தண்ணீர் விட்டிருந்தார். ஈர மண்தான் உதிராமல் கட்டியாக நிற்கும். பையைத் தலைகீழாகக் கவிழ்க்கவில்லை, செடியைத் தண்டைப் பிடித்து இழுக்கவுமில்லை. இடது கையை அடியில் கொடுத்துக்கொண்டு, சின்னக் கத்தியால் பக்கவாட்டில் மேலிருந்து கீழ்வரை ஒரே கீறல். பிளாஸ்டிக் உரிந்து விழுந்தது. வெள்ளை வேர்கள் மண்ணைச் சுற்றி வலை பின்னியிருந்தன. அந்தக் கட்டியை அப்படியே பெரிய பையின் குழிக்குள் இறக்கி, தண்டின் கழுத்து பழைய மண்மட்டத்திலேயே இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். கழுத்து புதைந்தால் அழுகும், மேலே நின்றால் வேர் காயும். ஒரு செடிக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இதைப் புத்தகத்தில் படித்துச் செய்துவிட முடியாது. செம்பனைக் கன்றுகளில் வருடக்கணக்காகப் பழகிய கை அது.

இவ்வளவு பாடும் எதற்கு என்றால், உலாட் புங்குஸ் என்று தோட்டத்தில் சொல்லும் பைப்புழுவுக்கு எதிராக. இலைத் துணுக்குகளைத் தன் நூலால் ஒட்டி, விரற்கடை நீளத்துக்கும் குறைவாகப் பை கட்டி, ஓலையின் அடிப்பக்கம் தொங்கிக்கொண்டு தின்னும் புழு. மெட்டிசா பிளானா என்ற இனத்தின் பெண்ணுக்கு இறக்கையே கிடையாது. பைக்குள்ளேயே இருந்து நூற்றுக்கும் மேல் முட்டையிடும். குஞ்சுப் புழுக்கள் நூலில் தொங்கிக் காற்றோடு அடுத்த மரத்துக்குப் போய்விடும். பாதி ஓலை போனால் அடுத்த இரண்டாண்டு விளைச்சலில் சுமார் 40 விழுக்காடு குறையும் என்பது பழைய கணக்கு. 1960களில் கண்டபடி பூச்சிக்கொல்லி அடித்தபோது புழு குறையவில்லை, பெருகியது. புழுவைக் கொல்லும் குளவிகளும் மருந்தில் செத்ததுதான் காரணம் என்று பிரையன் வுட் என்ற பூச்சியியலாளர் அப்போதே விளக்கினார். பெரிய பாடம் அது. தோட்டங்கள் அதை மெதுவாகத்தான் படித்தன.

புழுவின் உடம்பில் முட்டையிடும் அந்தச் சிறு குளவிகள் வளர்ந்தபின் தேன் குடித்து வாழ்பவை. செம்பனைக் காட்டுக்குள் அவற்றுக்குத் தேன் ஏது? எட்டு மணிப் பூச்செடி அதைக் கொடுக்கிறது. பூவில் மட்டுமல்ல, இலைப்பரப்பு காம்போடு சேரும் இடத்தில் கடுகளவு இரண்டு கிண்ணங்கள் இருக்கின்றன. பூ மூடியபின்னும் அவற்றில் தேன் ஊறும். அக்கா இலையைத் திருப்பிக் காட்டினார். ஒரு எறும்பு ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போய்க்கொண்டிருந்தது. பிறகு பழைய புழுப்பை ஒன்றைப் பிரித்து, பக்கத்தில் குண்டூசி முனை அளவு ஓட்டையைக் காட்டினார். "குளவி வெளிய வந்த வழி. இந்த மாதிரி ஓட்டைப் பை நெறைய இருந்தா அந்த நெரைக்கு மருந்து வேண்டாம்னு மண்டோர்கிட்டச் சொல்லிடுவேன்." வேலையை மேற்பார்க்கும் கங்காணிதான் மண்டோர். ஐரோப்பாவிலும் கோதுமை வயல் ஓரங்களில் பாப்பியும் மற்றக் காட்டுப்பூக்களும் விதைத்து இதே மாதிரி நன்மைப் பூச்சிகளை வரவழைக்கிறார்கள்.

அக்கா பதினெட்டு வயதில் மருந்தடிக்கும் கூட்டத்தில் சேர்ந்தவர். முதுகில் மருந்துத் தோம்பு, முகத்தில் ஈரத்துண்டு. நகம் கறுத்தது, மூக்கில் ரத்தம் வந்தது. யாரும் அதை நோய் என்று எழுதிக்கொள்ளவில்லை. தோட்டத்துப் பெண்களின் இந்தப் பாடுகளைத் தெனாகானித்தா அமைப்பு 2002இல் ஆய்வறிக்கையாக வெளியிட்டது. களைக்கொல்லி பாராகுவாட்டுக்கு அதே ஆண்டு தடை அறிவித்து, 2006இல் தளர்த்தி, கடைசியில் 2020 ஜனவரியில்தான் முழுதாக மூடினார்கள். அந்த இடைவெளிக்கு விலை கொடுத்தவை இந்தப் பெண்களின் நுரையீரலும் தோலும். இதைச் சொல்லாமல் பூவைப் பற்றி எழுத எனக்கு மனமில்லை.

ஆற்றையும் சொல்ல வேண்டும். இந்த ஊரைத் தாண்டிப் போகும் சிலாங்கூர் ஆறுதான் கீழே கம்போங் குவாந்தானில் பெரெம்பாங் மரங்களில் மின்மினி மின்னும் ஆறு. அந்த மின்மினியின் புழுப்பருவம் கரையோர ஈர மண்ணில் நத்தை தின்று கழிகிறது. மேலே தோட்டத்தில் தெளிப்பது மழையில் எங்கே போகும் என்று யோசித்தால் போதும்.

நாற்றங்கால் வேலைக்கு நாள் சம்பளம். நாட்டின் குறைந்தபட்சக் கூலி 2025இல் மாதம் 1,700 வெள்ளி ஆகியிருக்கிறது. பூச்செடி வளர்ப்பவருக்கும் குப்பை கூட்டுபவருக்கும் கணக்கில் ஒரே வகை: பொது வேலை. பைப்புழுவின் பருவம், குளவியின் தடயம், வேரின் வயது மூன்றையும் கண்ணாலேயே அறிகிறவருக்கு அந்தப் பெயர் பொருந்தாது. பயிர்ப் பாதுகாப்பு என்று தனி வகை போட்டு அதற்கேற்ற கூலி தர வேண்டும். இதை மண்டோரிடம் சொன்னேன். அவரும் தலையாட்டினார், "மேல சொல்லணும்ங்க" என்றார்.

நட்டபின் இந்தச் செடிகளுக்குப் பெரிய ஆபத்து புழுவோ வெயிலோ அல்ல, களை மருந்துதான். பாதையோரம் தெளிக்கும் வேலைக்குப் புதிதாக வருகிற வங்காளதேசத்துப் பையன்களுக்கு எது களை, எது நட்டது என்று தெரிவதில்லை. ஒரு காலையில் ஒரு நெரையே கருகிப்போகும். அதனால் தெளிக்கும் நாட்களில் அக்கா நாற்றங்காலை விட்டுவிட்டு அந்தக் கூட்டத்துக்கு முன்னால் நடக்கிறார். நான் கிளம்பும்போதும் அதற்குத்தான் புறப்பட்டுக்கொண்டிருந்தார். கையில் சிவப்புத் துணிக் கீற்றுகள். ஒவ்வொரு செடியிலும் ஒன்றைக் கட்டிவிட்டு, பின்னால் தோம்போடு வரும் பையனைத் திரும்பிப் பார்த்து, "இனி ஜாஙான் ராச்சுன், தெரிஞ்சுதா? இதுக்கு மருந்து அடிக்காத" என்று மலாயும் தமிழுமாகச் சொல்லிக்கொண்டே போனார்.