தகட்டில் போட்ட ஓட்டைகள்

ஓய்வு பெற்றுக் கோட்டைப்பட்டினம் வந்த புதிது. துறைமுகத்தில் கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுத் தம்பி கேட்டார், "வானத்தப் பாக்குற வேலையில நீங்க என்னதாண்ணே செஞ்சிய?"

"தகட்டுல ஓட்டை போட்டேன்" என்றேன். சிரித்தார். உண்மை அதுதான்.

விண்மீன் திரளின் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்தால் அதன் தொலைவைக் கணக்கிடலாம். ஒவ்வொன்றாகப் பார்க்க ஆயுள் போதாது. அதனால் தொலைநோக்கியின் குவியத்தில் தகடு வைத்து, திரள்கள் விழும் இடங்களில் மட்டும் மெல்லிய பிளவு வெட்டுவோம். ஒன்றின் நிறமாலை இன்னொன்றின் மேல் விழுந்தால் ஒன்றை விட்டுவிட வேண்டும். எதை விடுவது என்று யோசித்தே பல நாள் போயிருக்கிறது. (அமெரிக்காவின் ஸ்லோன் ஆய்வில் அலுமினியத் தட்டில் 640 துளை போட்டு, ஒவ்வொன்றிலும் கண்ணாடி இழையைக் கையாலேயே செருகினார்கள்!)

தகட்டை வானத்தோடு பொருத்த, ஐந்து விண்மீன்களுக்குச் சதுரத் துளை விட்டிருந்தேன். அவற்றின் இடத்தை 1950களின் வான்படத்திலிருந்து எடுத்ததுதான் தப்பு. கிட்டத்தில் உள்ள விண்மீன்கள் மெல்ல இடம் மாறும். தொலைவிலுள்ள திரள்கள் அப்படியே இருக்கும். நாற்பது வருடத்தில் இரண்டு நகர்ந்துவிட்டன. விடியும்வரை தகடு பொருந்தவேயில்லை. ஓர் ஆய்வு மாணவிக்குக் கிடைத்த இரண்டே இரவில் ஒன்று போனது. அவர் எதுவும் சொல்லவில்லை. எனக்கும் சேர்த்து டீ வாங்கி வந்தார். இன்னும் கூசுகிறது.

"அடுத்த ராத்திரி?" என்றார் தம்பி.

அந்த இரண்டையும் விட்டுவிட்டு மீதி மூன்றை வைத்துப் பொருத்தினோம். பொருந்தியது. நாலு மணி நேரம் பார்த்தோம், அப்புறம் மேகம்.