மஞ்சள் நீரில் விரல் நனைத்தவர்கள்

நம்மவர் குடும்பங்கள் எவ்வாறு மாறிவருகின்றன என்பதை அறிய விரும்பும் ஆய்வாளர் எவரேனும் என்னிடம் வந்தால், பத்திரிகைகளின் மரண அறிவித்தல்களை வாசிக்குமாறே கூறுவேன். இன்னாரின் அன்புக் கணவரும், இன்னாரின் பாசமிகு தந்தையும், இன்னாரின் மைத்துனரும், இன்னாரின் மாமனாரும், இன்னாரின் பேரனாரும் என்று நீளும் அந்த ஒற்றை வாக்கியத்தில் ஒரு குடும்பம் தன்னை எப்படிக் காட்ட விரும்புகிறது என்பது முழுமையாக இருக்கும். எதை மறைக்க விரும்புகிறது என்பதும் இருக்கும். மூன்று தசாப்தங்களுக்கு மேலாகப் பத்திரிகை அலுவலகங்களில் இருந்தவன் என்ற வகையில், இரண்டாவதே எனக்கு அதிகம் புலப்பட்டிருக்கிறது.

மணமுறிவு பெற்றவரின் முதல் மனைவிக்கு அந்த வாக்கியத்தில் இடமில்லை. ஆனால் அவள் பெற்ற பிள்ளைகளுக்கு இடமுண்டு. ஆகவே நாற்பத்தைந்து வயது மனைவிக்கு நாற்பது வயது மகன் இருப்பதாக வாசகர் எண்ணிக்கொள்ள நேரிடும். இதைத் திருத்தும்படி எவரும் எங்களைக் கேட்டதில்லை. காலமான முதல் மனைவியென்றால் 'காலஞ்சென்ற' என்ற அடைமொழியுடன் மரியாதையாகச் சேர்த்துவிடுவார்கள். உயிரோடிருந்து பிரிந்து சென்றவளுக்கு அத்தகைய ஒரு சொல்லை நாம் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

மணமகன், மணமகள் தேவை விளம்பரங்களின் கதை வேறு. ஆங்கிலப் பத்திரிகைகளில் 'இனொசன்ட்லி டிவோர்ஸ்ட்' என்று ஒரு தொடர் வரும். தன்மீது தவறில்லாமல் மணமுறிவு பெற்றவர் என்பது பொருள். தமிழ் விளம்பரங்களிலும் இதன் சாயல் உண்டு. இது வெறும் தற்பெருமையன்று. 1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் விவாகரத்துக்கு வகுத்த காரணங்கள் மூன்று: வியபிசாரம், தீய எண்ணத்துடன் கைவிட்டுச் செல்லல், மணவேளையிலேயே இருந்த தீராத ஆண்மையின்மை. ஆக, யாரேனும் ஒருவர் குற்றவாளியாக வேண்டும். கௌரவமாகப் பிரிய விரும்பிய தம்பதியர்கூட 'யார் கைவிட்டுச் சென்றதாக எழுதுவது' என்று தமக்குள் பேசி முடிவெடுத்துக்கொண்டு மாவட்ட நீதிமன்றப் படியேறியதை நான் அறிவேன். பிற்காலத்தில் அந்த வழக்கேட்டைப் பிள்ளைகள் படித்தால் என்ன நினைப்பார்கள் என்பதை அப்போது யார் யோசித்தார்கள்? 1952ஆம் ஆண்டின் கண்டிய விவாக, விவாகரத்துச் சட்டமோ இருவரும் உடன்பட்டால் மாவட்டப் பதிவாளர் முன்னிலையிலேயே பிரிய இடமளித்தது. ஒரே நாட்டில், ஒரே துயரத்துக்கு இரண்டு வாசல்கள்.

மணமுறிவும் மறுமணமும் வெளிநாட்டிலிருந்து வந்த வியாதிகள், யுத்தமும் புலப்பெயர்வும் கொண்டுவந்து சேர்த்த கேடுகள் என்று பேசும் பெரியவர்களைச் சந்திக்கும்போதெல்லாம் தேசவழமையை எடுத்துப் படியுங்கள் என்று சொல்லத் தோன்றும். ஒல்லாந்தர் காலத்தில் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற திசாவை தொகுத்து, 1707இல் பன்னிரண்டு முதலிமார் பார்வையிட்டு ஒப்புக்கொண்ட யாழ்ப்பாணத்து வழமைகள் அவை. 1806இல் ஆங்கிலேயர் அதற்குச் சட்டவலு வழங்கினர். சீதனம், முதுசம், தேடியதேட்டம் என்று காணி வழக்குகளில் மாத்திரம் நாம் நினைவுகூரும் அந்தத் தொகுப்பில், குடும்பம் உடைந்து மீண்டும் கூடுவது பற்றிய பகுதிகள் ஏராளம்.

மனைவியை இழந்தவன் மறுமணம் செய்ய விரும்பினால், சிறு பிள்ளைகளைத் தாய்வழிப் பாட்டன், பாட்டி அல்லது நெருங்கிய உறவினர் பொதுவாகப் பொறுப்பேற்பர். அப்போது தகப்பன் பிள்ளைகளை மாத்திரம் அனுப்பிவிட முடியாது. இறந்தவள் கொண்டுவந்த சீதனம் முழுவதையும் அந்த மணவாழ்வில் தேடிய தேட்டத்தில் பாதியையும் சேர்த்தே ஒப்படைக்க வேண்டும். கைம்பெண்ணின் மறுமணத்தையும் அத்தொகுப்பு நடக்கக்கூடிய ஒன்றாகவே கருதி விதி செய்கிறது. அதிர்ச்சியோ உபதேசமோ அதில் இல்லை. என் தாயார் மூத்த தாரத்துப் பிள்ளை. தாய்வழிப் பாட்டி வீட்டிலேயே வளர்ந்தவர். பேரனாரின் இளைய தாரத்துப் பிள்ளைகளைத் தம்பி, தங்கை என்றே இறுதிவரை அழைத்தார். 'அரைச் சகோதரர்' என்பதற்கு எங்கள் வீட்டில் சொல்லே இருக்கவில்லை.

இவர்கள் எல்லோரையும் விடச் சிக்கலில் இன்று நிற்பவர்கள் காணாமலாக்கப்பட்டோரின் மனைவியர். 2010ஆம் ஆண்டின் சட்டம் மரணச் சான்றிதழ் பெற வழிசெய்தது; 2016ஆம் ஆண்டின் திருத்தம் காணாமற்போனமைக்கான சான்றிதழைக் கொண்டுவந்தது. மரணச் சான்றிதழைக் கேட்டு விண்ணப்பிப்பவள், கணவன் இறந்தான் என்று தன் கையால் எழுதிக் கொடுக்கவேண்டும். பலர் எழுதவில்லை. அவர்களுக்குக் கைம்மையும் இல்லை, மறுமணமும் இல்லை. தேசவழமை தொகுத்த முதலிமார் இப்படியொரு நிலையைக் கற்பனையும் செய்திருக்கமாட்டார்கள்.

சட்டத்தமிழில் 'மகவேற்பு' எனப்படும் தத்தெடுத்தலுக்கு வருகிறேன். தேசவழமையில் என்னை மிகவும் கவர்ந்த பகுதி இதுதான். பிள்ளையில்லாத தம்பதியர் ஒரு பிள்ளையை எடுக்க விரும்பினால் முதலில் தம் சகோதர சகோதரிகளிடம், அவர்கள் இல்லையெனில் தமக்குப் பின் சொத்துக்கு உரித்தாகக்கூடிய நெருங்கிய உறவினரிடம், சம்மதம் கேட்கவேண்டும். சம்மதித்தவர்களும் பிள்ளையைப் பெற்றவர்களும் மஞ்சள் நீரில் விரலை நனைப்பார்கள். அந்த நீரைத் தம்பதியர் அருந்துவார்கள். அத்துடன் பிள்ளை அவர்களுடையது. விரல் நனைக்க மறுத்தவருக்குத் தம் பங்கின்மீதான உரிமை அப்படியே இருக்கும். இதிலுள்ள நுட்பம் எளிமையானது. பிள்ளை வருவதால் யாருக்கு நட்டமோ அவரை அழைத்து, ஊர் பார்க்க, ஆம் அல்லது இல்லை என்று சொல்லவைத்துவிட்டார்கள். பின்னர் 'எனக்குத் தெரியாதே' என்று எவரும் கூற முடியாது. பிள்ளைக்கும் அது இரகசியமாக இருக்க முடியாது.

1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க மகவேற்புக் கட்டளைச் சட்டம் இந்த வேலையை நீதிமன்றத்திடம் ஒப்படைத்தது. பிள்ளையின் நலனை நீதிபதி பார்க்கிறார். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளையாயின் அதனிடமும் சம்மதம் கேட்கப்படுகிறது. அது நல்ல முன்னேற்றமே. பழைய வழமையில் பிள்ளையை யார் கேட்டார்? ஆனால் உறவினர் அந்த அறையில் இல்லை. கட்டளையைப் பெற்று, சான்றிதழை அலுமாரியில் பூட்டிவைத்துவிட்டு, பெற்ற பிள்ளையென்றே வளர்ப்பது வழக்கமாயிற்று.

1990களின் நடுப்பகுதியில், வெள்ளவத்தையில் என் நண்பன் ஒருவனின் தந்தையார் காலமானார். அன்று மாலை எங்கள் விளம்பரப் பகுதிக்கு ஒரே மனிதரைப் பற்றி இரண்டு மரண அறிவித்தல்கள் வந்தன. ஒன்றில் நண்பன் மகன். மற்றதில் மகனே இல்லை. இறந்தவரின் தம்பி மகன் கிரியை செய்வார் என்றிருந்தது. குடும்பத்தை அறிந்தவன் என்பதால் என்னை அழைத்துக் காட்டினார்கள். நான் செத்தவீட்டுக்குச் சென்றபோது முற்றத்தில் சித்தப்பா உரத்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார்: "இவன் அண்ணன்ரை பிள்ளை இல்லை. கொள்ளி வைக்க இவனுக்கென்ன உரித்து?" நண்பனுக்கு அப்போது இருபத்து நான்கு வயது. அவன் அதை அறிந்தது அந்த முற்றத்தில்தான், அந்த வாக்கியத்தால்தான்.

அவனது தாயார் உள்ளே போய்ச் சேலைகளுக்கு அடியிலிருந்து மகவேற்புச் சான்றிதழை எடுத்துவந்தார். எவரிடமும் வாசிக்கக் கொடுக்கவில்லை. நேரே என்னிடம் தந்து, "தம்பி, பேப்பரிலை என்ரை மகன்ரை பேர்தான் வரவேணும்" என்றார். அப்படியே வந்தது. சித்தப்பாவின் பெயரை நீக்கிவிடவா என்று நான் கேட்டதற்கு, "வேண்டாம், அவர் இவற்றை தம்பியெல்லே" என்றார். மறுநாள் கனத்தையில் கொள்ளி வைத்தவன் நண்பன்தான். ஆயினும் தாயுடன் அவன் முன்போலப் பேச ஆண்டுகள் பல சென்றன. எடுத்து வளர்த்ததை அவன் குறையாக நினைக்கவில்லை. ஊரில் பாதிப்பேருக்குத் தெரிந்தது தனக்கு மாத்திரம் தெரியாமல் இருந்ததே என்பதுதான் அவன் கோபம்.

இரகசியம் வியாபாரமாகும்போது என்ன நடக்கும் என்பதையும் இந்த நாடு கண்டது. பெரும்பாலும் 1980களில், ஏறத்தாழ 11,000 குழந்தைகள் இங்கிருந்து ஐரோப்பிய நாடுகளுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டதாகக் கூறப்படுகிறது. போலித் தாய்மாரை நிறுத்திப் பத்திரங்கள் தயாரிக்கப்பட்டதை 2017இல் நெதர்லாந்துத் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்று வெளிக்கொணர்ந்தது. 2021 பெப்ரவரியில் அந்நாடு வெளிநாட்டுத் தத்தெடுப்பை இடைநிறுத்தியது. அன்று குழந்தைகளாகச் சென்றவர்கள் நடுவயதினராகத் திரும்பிவந்து, பொய்ப் பெயர் எழுதிய பிறப்புச் சான்றிதழுடன் தாயைத் தேடுகிறார்கள்.

என் நண்பன் பின்னாளில் மணமுறிவு பெற்ற ஒரு பெண்ணை மணந்தான். அவர்களுக்குப் பிள்ளை கிடைக்கவில்லை. நீதிமன்றக் கட்டளை பெற்று ஒரு பெண் குழந்தையை எடுத்தார்கள். கட்டளை கிடைத்த வாரம் இருபக்க உறவினரையும் வீட்டுக்கு அழைத்து, பித்தளைச் செம்பில் மஞ்சள் நீர் வைத்தான். சட்டப்படி அதற்கு எந்த மதிப்பும் இல்லை என்று அங்கிருந்த சட்டத்தரணி மைத்துனர் சிரித்தார். சிரித்தபடியே விரலையும் நனைத்தார். எண்பது வயதைத் தாண்டிய தாயார் முதலில் நனைத்தார். சித்தப்பா வரவில்லை. அவரது மகன், அன்று கிரியை செய்ய வந்தவன், மனைவி பிள்ளைகளுடன் வந்து, நீண்டநேரம் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்துவிட்டு உள்ளே வந்தான்.