பணியாத மூன்று நிறுவனங்கள்

லினக்ஸ் இயங்குதளமும் அதைச் சார்ந்த திறந்த மூல மென்பொருள்களும் தன் 235 காப்புரிமைகளை மீறுவதாக 2007 மே மாதத்தில் மைக்ரோசாஃப்ட் பகிரங்கமாகச் சொல்லி, அவை எவையென்று மட்டும் பட்டியலிடாமல், வழக்கு வருமோ என்ற பீதியை உலவவிட்டிருந்த சமயத்தில், ஆறு மாதம் முன்பே நோவெல் நிறுவனம் மைக்ரோசாஃப்ட்டுடன் காப்புரிமை உடன்படிக்கை செய்துகொண்டதைக் கண்ட பின்னும், அத்தகைய ஒப்பந்தம் வேண்டாமென்று ரெட் ஹாட், கனானிக்கல், மாண்ட்ரிவா ஆகிய மூன்று நிறுவனங்களும் மறுத்து நின்ற தைரியத்தை நான் மிகவும் போற்றுகிறேன். நம் தமிழக அரசு நிறுவனமான எல்காட் அந்நாட்களில் விரும்பி வாங்கிய சூசே லினக்ஸ், அப்போது அந்த நோவெலுடையதாகவே இருந்தது.

திருச்சி ரோட்டில் என் சிநேகிதர் நடத்தும் லாரி புக்கிங் ஆபீஸில், முட்டை லோடுக்குப் பில் அடிக்கும் பழைய கம்ப்யூட்டரில், கனானிக்கலின் உபுண்டு லினக்ஸ், ஒரு பைசா லைசென்ஸ் கட்டணமின்றி, டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் கரகரக்க இன்றும் ஓடுகிறது. டீசலும் டோலும் ஏறிக்கொண்டே போகும் தொழிலில் அது அற்ப விஷயமன்று.

நம் நாட்டில், 2004 டிசம்பர் அவசரச் சட்டம் மென்பொருள் காப்புரிமைக்குத் திறந்த வழியைப் பாராளுமன்றம் 2005இல் அடைத்து, கணினி நிரலுக்குத் தன்னளவில் காப்புரிமை இல்லையென்னும், காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவைப் பழையபடி நிலைக்கச் செய்தது, சேலத்துச் சிறு மென்பொருள் கம்பெனிகளுக்கும் மகத்தான பாதுகாப்பு என்பது என் அபிப்பிராயம். மைக்ரோசாஃப்ட்டோ, 2018 அக்டோபரில், லினக்ஸைக் காக்கும் ஓப்பன் இன்வென்ஷன் நெட்வொர்க்கில், 60,000 காப்புரிமைகளுடன் தானே அங்கத்தினராகச் சேர்ந்தது.