கோணலுக்கும் காரணம் உண்டு

யாழ்ப்பாண நகரை விட்டுப் பண்ணைப் பாலத்தில் ஏறியதுமே தோட்டங்களின் பச்சை பின்னால் போய்விடுகிறது. வீதியின் இரு பக்கமும் ஆழமில்லாத பரவைக்கடல். விடியலில் அது ஈய நிறத்தில் கிடக்கும். வெயில் ஏற ஏற அடியில் உள்ள சாதாழை தெரியத் தொடங்கி, பாசிப்பச்சையும் மண்ணிறமும் திட்டுத் திட்டாக மேலே வரும். நடுநடுவே தடி நட்டு வலை கட்டிய களங்கண்டிகள். ஒரு தடியாவது மற்றதன் உயரத்தில் இல்லை. தீவகத்துக்கு வருகிறவர்கள் கோவிலையும் கோட்டையையும் பார்க்க வருவார்கள். துணிக்குச் சாயமிட்டு, வெட்டித் தைத்துப் படைப்புகள் செய்கிற நான் அந்தத் தடிகளிலிருந்தே பார்க்கத் தொடங்கிவிடுவேன்.

என் தொழிலில் அடிக்கடி காதில் விழும் வேண்டுகோள் ஒன்று உண்டு: "எல்லாம் ஒரே சீராக இருக்க வேண்டும்." முதல் முழத்தில் உள்ள சிவப்பு கடைசி முழத்திலும் இம்மி பிசகாமல் வர வேண்டும். ஆலைத் துணி நம் கண்ணை அப்படிப் பழக்கிவிட்டது. தீவகத்தில் கைப்பட்ட பொருள் எதுவும் ஒரே சீராக இல்லை. ஆனாலும் பார்க்கப் பார்க்க அலுக்காத பொருள்கள் அங்கே எங்கும் இருக்கின்றன. ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவு என்று சுற்றிவந்ததில் எனக்குப் புரிந்தது இதுதான்: அங்குள்ள ஒவ்வொரு கோணலுக்கும் ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணம் மறைக்கப்படாமல் இருப்பதே அதன் அழகு.

ஊர்காவற்றுறைத் துறையில் நின்றால் எதிரே காரைநகர். இரண்டுக்கும் நடுவே, கடலுக்குள், 1658இல் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்த ஹம்மன்ஹீல் கோட்டை. எல்லோரும் அதைப் படம் பிடித்துக்கொண்டிருக்க, பூவரசு நிழலில் ஒருவர் வலை பொத்திக்கொண்டிருந்தார். உப்பும் வெயிலும் தின்று வெளிறிப்போன நீல நைலோன் வலை. அதில் அங்கங்கே கடும்பச்சை நூலால் பொத்திய இடங்கள். பழைய கண்களைவிடப் புதிய கண்கள் சற்றுச் சிறியவை, முடிச்சுகளும் இறுக்கம். "நீல நூல் கிடைக்கேல்லையோ ஐயா?" என்று கேட்டேன்.

"கிடைக்கும். வேணுமெண்டுதான் பச்சை போட்டனான். எங்கை பொத்தினது எண்டு தெரிஞ்சாத்தானே, அடுத்த முறை இழுக்கேக்கை அந்த இடத்தைப் பாத்துப் பிடிக்கலாம்" என்றார். பேசும்போதும் ஊசி நிற்கவில்லை.

தைத்த இடம் தெரியாமல் தைப்பதைத்தான் எங்கள் தொழிலில் கெட்டித்தனம் என்பார்கள். அவருக்கோ தைத்த இடம் தெரிந்தாக வேண்டும். அவர் வீட்டுச் சோறு அந்த வலையில் இருக்கிறது. பச்சை நூல் ஓடிய அந்த நீல வலையைப் போல நிறம் சேர்த்த துணியை நான் எந்தக் கண்காட்சியிலும் பார்த்ததில்லை.

வேலணைப் பக்கம் மதிலும் தகரமும் வந்துவிட்டன. ஆனால் பனையோலை வேலிகளும் இன்னும் மிச்சம் உண்டு. வேலி அடைப்பது இரண்டு பேர் வேலை. உள்ளே நிற்பவர் குத்தூசியில் கயிற்றைக் கோத்து ஓலைக்குள்ளால் குத்துவார். வெளியே நிற்பவர் கயிற்றை வாங்கித் திருப்பிக் கொடுப்பார். கிளுவையும் பூவரசும் உயிர்க் கதியால்கள் என்பதால் வளர வளர வளையும். தையலும் அவற்றோடு சேர்ந்து வளைந்துதான் போக வேண்டும். புதிதாகச் செருகிய ஓலை வெண்மஞ்சள், பழையது சாம்பல். கழற்றிய ஓலை தோட்டத்துக்குப் பசளையாகப் போகும். ஒரு ஊர் முழுக்க ஓடும் கைத்தையல் அது.

அந்த வீதிகளில் கூரையில்லாத வீடுகளும் நிற்கின்றன. 1990க்குப் பின் போரில் இடம்பெயர்ந்த தீவக மக்களில் பலர் இன்று சுவிற்சர்லாந்திலும் பிரான்ஸிலும் கனடாவிலும் வாழ்கிறார்கள். சுவரில் நீலம் கலந்த சுண்ணாம்பு உரிந்து, அதற்கடியில் மஞ்சள், அதற்கும் அடியில் கல்லின் வெள்ளை. அந்த அடுக்குகள் கண்ணை இழுக்கும். ஆனால் அவற்றை நான் என் வேலைக்கு எடுப்பதில்லை. பாவித்துத் தேய்ந்ததும் அடித்து நொறுக்கப்பட்டதும் ஒன்றாகிவிடாது. தேய்வு ஒரு வாழ்க்கை நடந்ததைச் சொல்கிறது. இடிபாடு அது பறிக்கப்பட்டதைச் சொல்கிறது. சிதைந்ததையெல்லாம் அழகென்று கொண்டாடுவது அந்த வீட்டுக்காரருக்குச் செய்யும் அநியாயம்.

குறிகட்டுவானில் வள்ளம் ஏறினால் சற்று நேரத்தில் நயினாதீவு. நாகபூஷணி அம்மன் கோவிலும் நாகவிகாரையும் நடந்து போகும் தூரத்தில் இருப்பதால், ஒரே வள்ளத்தில் குங்குமச் சிவப்பும் மாம்பழ மஞ்சளும் மயில்கழுத்து நீலமும் ஒரு பக்கம், தெற்கிலிருந்து வரும் யாத்திரிகர்களின் வெள்ளை மறுபக்கம். அலை தெறித்து நனைந்த சீலையின் கீழ்ப்பாதி கடும் சிவப்பாகவும், காற்றில் காய்ந்த மேல்பாதி வெளிறியும் தெரியும். சாயத் தொட்டியில் வேண்டுமென்று முயன்றாலும் அந்த ஓரம் அப்படி வராது. இலங்கைக் கைத்தறிக்குத் துணிச்சலான நிறக் கோடுகளைக் கொடுத்த பார்பரா சன்சோனி (1928–2022) நிறங்களைக் கண்டெடுத்தது சுற்றிலும் தெரிந்த கடலிலும் மரத்திலும் மனிதரிலும்தான். அந்த வள்ளத்தில் இருந்தால் அவர் கோடுகள் எங்கிருந்து வந்தன என்பது விளங்கும்.

அம்மன் கோவிலில் முதலாம் பராக்கிரமபாகு மன்னனின் 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வரும் அயல்நாட்டு வணிகருக்கான ஆணை அது. யானையும் குதிரையும் கொண்டுவரும் கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசுக்கு, மூன்று பங்கு உடையவருக்கு. வணிகச் சரக்குக் கப்பல் உடைந்தால் பாதிக்குப் பாதி. அந்தக் கடல்வழியின் சாட்சியாக, 1970களில் அல்லைப்பிட்டியில் சீனத்துச் சொங் காலத்து மட்பாண்ட உடைவுகளும் வெளிப்பட்டன. உடைந்து கரையொதுங்கியதற்கும் மதிப்பு உண்டு, அதற்கு உரியவர் உண்டு என்பதை இந்தக் கரை கல்லில் எழுதியே வைத்திருக்கிறது.

நெடுந்தீவுக்குக் கடல் நீளம். வடதாரகை, குமுதினி போன்ற படகில் போக வேண்டும். 1985 மே 15 அன்று குமுதினிப் படகில் பயணம் செய்த பொதுமக்கள் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். ஆண்டுதோறும் அந்த நாளில் ஊர் கூடி அவர்களை நினைவுகூருகிறது. மாவிலித்துறையில் இறங்குகிற எவரும் இதைத் தெரிந்துகொண்டு இறங்குவது நல்லது.

துறையைத் தாண்டினால் முருகைக்கல் வேலிகள். சாந்து கிடையாது, கல்லின் மேல் கல், அவ்வளவுதான். இடுக்குகள் வழியாகக் காற்று போய்விடுவதால் வேலி நிற்கிறது. கிட்டப் போய்ப் பார்த்தால் ஒவ்வொரு கல்லிலும் ஒரு வேலைப்பாடு: ஒன்றில் தேன்கூட்டுக் கண்கள், ஒன்றில் வளைந்து வளைந்து ஓடும் வரிகள், ஒன்றில் நட்சத்திரப் புள்ளிகள். மெல்லிய பருத்தித் துணியைக் கல்லின் மேல் விரித்து மெழுகுக் கட்டியால் தேய்த்து அந்த வரிகளை எடுப்பேன். ஒரு கல்லின் பதிவு இன்னொன்றுக்குப் பொருந்தாது.

இந்தத் தீவுகளின் மணலுக்கு நிற வரலாறும் உண்டு. சாயவேர் தரையோடு படரும் சிறு செடி. அதன் மெல்லிய வேர்ப்பட்டையில் சிவப்பு இருக்கிறது. யாழ்ப்பாணத்துத் தீவுகளிலும் மன்னாரிலும் அதைக் கிண்டி எடுப்பதை ஒல்லாந்தர் தங்கள் தனியுரிமையாக வைத்திருந்தார்கள். கிண்டும் வேலை சில சமூகங்களின் மேல் ஊழியமாகச் சுமத்தப்பட்டிருந்தது. துணியைக் கடுக்காயிலும் பாலிலும் ஊறவைத்து, படிகாரம் தடவி, வேரோடு காய்ச்சினால் சிவப்பு வரும். இரும்புக் கரைசல் பட்ட இடம் கறுக்கும். சிப்பி நொறுங்கிச் சுண்ணாம்புச் சத்து ஏறிய கரை மண்ணில் விளைந்த வேருக்குத்தான் மதிப்பு. மண் மாறினால் சிவப்பும் மாறும். 1868இல் ஜெர்மன் வேதியியலாளர்களான கிரேபேயும் லீபர்மானும் இத்தகைய வேர்ச் சிவப்பின் சாயப்பொருளான அலிசரினைச் செயற்கையாகத் தயாரித்தார்கள். அதன் பிறகு வேர்ச் சிவப்பின் சந்தை சரிந்தது. எங்கும் ஒரே சிவப்பு வந்தது, ஊருக்கொரு சிவப்பு போயிற்று.

நெடுந்தீவில் ஒரு ஆச்சி திண்ணையில் இருந்து பெட்டி இழைத்துக்கொண்டிருந்தார். குருத்தோலையை வெயிலில் காயவைத்து, ஈர்க்கு நீக்கி, ஒரே அகலத்தில் வார்ந்து வைத்திருந்தார். ஒரு பகுதி சாயத்தில் அவித்த சிவப்பும் ஊதாவும். முடித்து வைத்த ஒரு பெட்டியைக் கையில் எடுத்தேன். அடிப்பாகம் முழுக்க வெறும் ஓலை. பாதி உயரத்தில்தான் சிவப்புக் கோடு தொடங்குகிறது.

"அடியிலை ஏன் ஆச்சி நிறம் போடேல்லை?"

"பாரம் தாங்கிறது அடிதானே பிள்ளை. அவிச்ச ஓலை கொஞ்சம் நொய்ஞ்சு போயிடும். நிறம் மேலுக்குக் காணும்."

இன்னொரு பக்கத்தில் கோடு சற்றுச் சரிந்து, இழை நெகிழ்ந்திருந்தது. விரலால் தொட்டுக் காட்டினேன். "அது வெயில் ஏறினாப் பிறகு இழைச்சது. காய்ஞ்ச ஓலையை இறுக்கி இழுத்தா முறிஞ்சிடும். அதுதான் விட்டுப் பிடிச்சனான்" என்றார்.

விடியலில் ஓலை ஈரம் பிடித்திருக்கும். இழை நெருங்கி வந்திருக்கிறது. வெயில் ஏறியதும் கை இளகிக்கொடுத்திருக்கிறது. பெட்டியைச் சுற்றித் திருப்பினால் அவருடைய ஒரு நாள் அப்படியே அதில் இருக்கிறது. எந்தக் கோடும் கவனக்குறைவால் சரியவில்லை. ஓலையை அறிந்த கை, ஓலைக்கு எது பொறுக்கும் என்று பார்த்துச் செய்த முடிவு அது. அன்றுமுதல் நான் சாயமிடும் துணியில் ஒரு நிறம் மங்கினால், மூடி மறைக்கும் முன் அது ஏன் மங்கியது என்று கேட்கிறேன். தண்ணீரா, வெயிலா, நூலின் முறுக்கா என்று தேடிப் போனால் பெரும்பாலும் விடை கிடைக்கிறது. விடை கிடைத்த துணியை அப்படியே வைத்துக்கொள்கிறேன்.

பனையை நம்பி வாழ்கிறவர்களுக்காக 1978இல் பனை அபிவிருத்திச் சபை அமைந்தது. ஆனால் ஒரு கைத்தொழிலைச் சபை மட்டும் தாங்கிவிட முடியாது. வாங்குகிறவரும் தாங்க வேண்டும். நயினாதீவு ஆனித் திருவிழாவுக்கோ நெடுந்தீவுக் குதிரைகளைப் பார்க்கவோ போகிறவர்களிடம் என் வேண்டுகோள் இது. திரும்பி வரும்போது ஒரு பெட்டியோ கடகமோ வாங்கி வாருங்கள். கோடு சரிந்ததைத் தள்ளிவைக்காதீர்கள். அதைக் காட்டி விலை குறைக்கவும் கேட்காதீர்கள். யார் இழைத்தது, ஏன் இப்படி இழைத்தது என்று கேளுங்கள். குருத்து வெட்டுகிறவர், ஓலை வார்கிறவர், இழைக்கிறவர் எல்லோருக்கும் அந்த விலைக்குள்தான் கூலி. கூலி கட்டுப்படியானால்தான் அடுத்த தலைமுறை இந்த வேலைக்கு வரும்.